அறிவியலுக்கு ஒரு ஜங்ஷன் - சிகாகோ முதல் சிலி வரை

ரயிலில் போகிறவர்களுக்கு ஜங்ஷன் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. நாலா பக்கத்துத் தண்டவாளங்களும் அங்கே வந்து சேரும். இணையத்துக்கும் அப்படிப்பட்ட ஜங்ஷன்கள் உண்டு. அவற்றைப் பரிமாற்ற மையங்கள் என்பார்கள். அறிவியலுக்கென்றே தனி ஜங்ஷன்கள் பிறந்த கதை சுவையானது!

1995 ஏப்ரலில் அமெரிக்காவின் முதுகெலும்பு வலையமைப்பான என்.எஸ்.எஃப்.நெட் மூடப்பட்டது. இணையம் தனியார் கைக்குப் போனது. வணிகத்துக்கு அது நல்ல காலம். ஆனால் ஆய்வாளர்களின் மலை மலையான தகவல்களுக்கு அந்த நெரிசல் ஒத்துவரவில்லை. அதனால் பல நாடுகள் கல்வி, ஆய்வுக்கென்று தனி வலைகளைக் கட்டின. அவையெல்லாம் எங்கே சந்திப்பது? 1997-ல் சிகாகோவில் 'ஸ்டார் டேப்' என்ற சந்திப்பு மையம் வந்தது. 2001-ல் அதே ஊரில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வளாகத்தில், ஒளியிழைகளுக்கான 'ஸ்டார்லைட்' தொடங்கியது.

ஜங்ஷன் வந்தும் ஒரு குறை தீரவில்லை. பல நாடுகளைக் கடந்து ஒரு தனிப்பாதை வேண்டுமென்றால், வழியிலுள்ள ஒவ்வொரு வலையின் பொறியாளரும் மின்னஞ்சலில் பேசி, தத்தம் கருவியைக் கையால் மாற்ற வேண்டும். அதற்கே பல நாட்கள் ஓடிவிடும்.

2008-ல் ஸ்டான்ஃபோர்டின் நிக் மெக்கியோனும் மற்றவர்களும் 'ஓப்பன்ஃப்ளோ' பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். பாதையை முடிவு செய்யும் மூளையை ஸ்விட்சிலிருந்து பிரித்து, தனியாக ஒரு மென்பொருளிடம் கொடுப்பதுதான் யோசனை. ஒவ்வொரு ஸ்டேஷன் மாஸ்டரும் தனித்தனியே லீவரை இழுப்பதற்குப் பதிலாக, ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து தண்டவாளத்தை மாற்றுவது போல! இந்த யோசனையைப் பரிமாற்ற மையத்திலேயே பொருத்தினால் அதுதான் எஸ்.டி.எக்ஸ். 2015-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை, சிகாகோவின் ஸ்டார்லைட்டிலும் மயாமியை மையமாகக் கொண்ட 'அட்லாண்டிக்வேவ்' திட்டத்திலும் இதற்கு நிதி கொடுத்தது.

அவசரம் எதற்கு என்று கேட்கலாம். சிலி நாட்டு மலையுச்சியில் இருக்கும் வேரா ரூபின் வானாய்வகத்தைப் பாருங்கள். 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட அதன் கேமரா 3200 மெகாபிக்சல் கொண்டது. ஒரே இரவில் சேரும் தகவல் சுமார் 20 டெராபைட். படங்கள் கலிஃபோர்னியாவுக்குப் போய்ச் சேர்ந்து, வானில் ஏதாவது மாறியிருந்தால் 60 விநாடிக்குள் உலகுக்கு எச்சரிக்கை போக வேண்டும் என்பது இலக்கு. வழியில் ஒரு கேபிள் அறுந்தால் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க முடியுமா? வெடித்த நட்சத்திரம் யாருக்காகவும் காத்திருக்காது.

ஆனால் மென்பொருளால் மட்டும் தீராத கேள்வி ஒன்று உண்டு. ஒரு நாட்டின் வலைக்குள் இன்னொரு நாட்டின் நிரல் எந்த அளவுக்குக் கட்டளை இடலாம்? அதை முடிவு செய்ய மனிதர்கள்தான் உட்கார்ந்து பேச வேண்டும். லீவரை இழுக்கும் வேலை மென்பொருளுக்குப் போனாலும், தண்டவாளங்களைச் சேர்த்து வைப்பது இன்றும் நம்பிக்கைதான்.