கஷாயமும் கத்தியும்

1922ஆம் ஆண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து வடபகுதியில் ஹெய்லிபரி என்னும் ஊர். அங்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த ரீன் கேஸ் என்ற செவிலி, நோயாளியாக வந்திருந்த மூதாட்டி ஒருவரின் மார்பில் சுருங்கித் தழும்பேறிய பகுதியைப் பார்த்து என்னவென்று விசாரித்தார். மூதாட்டி சொன்னார்: பல வருடங்களுக்கு முன், கணவருடன் சுரங்கத் தொழிலாளர் முகாமில் இருந்தபோது மார்பில் கட்டி வந்தது. மருத்துவர்கள் மார்பை எடுத்துவிடச் சொன்னார்கள். அதற்கு மனமும் இல்லை, பணமும் இல்லை. பூர்வகுடி வைத்தியர் ஒருவர் மூலிகைக் கஷாயம் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். அதைக் குடித்துவந்தேன், இதோ இருக்கிறேன். கேஸ் அந்த மூலிகைகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டார்.

இந்தக் கதைக்குக் கேஸின் வாய்மொழியே சாட்சி. அந்தக் கட்டி புற்றுதானா என்று சொல்ல எந்தச் சோதனைக் குறிப்பும் நம்மிடம் இல்லை. மூதாட்டிக்கு இந்தக் கதையில் பெயரில்லை. ஒஜிப்வே இனத்தவர் என்று சொல்லப்படும் வைத்தியருக்கும் பெயரில்லை. பெயர் கிடைத்தது மருந்துக்கு மட்டும். கேஸ் தன் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பிப்போட்டு அதற்கு ‘எஸ்ஸியாக்’ என்று பெயரிட்டார்.

பர்டாக் என்னும் செடியின் வேர், ஷீப் சாரல் என்னும் புளிப்புக் கீரை, ஸ்லிப்பரி எல்ம் மரத்தின் உட்பட்டை, நம் நாட்டு மருந்துக் கடைகளில் ரேவல்சின்னி என்று விற்கப்படும் வேரின் இனத்தைச் சேர்ந்த ருபார்ப். இந்த நான்கும் சேர்ந்ததுதான் அந்த மருந்து என்று பின்னாளில் தெரியவந்தது. கேஸ் அதைக் கஷாயமாகவும் ஊசியாகவும் கொடுத்தார். 1930களின் நடுவில் அவருடைய சொந்த ஊரான பிரேஸ்பிரிட்ஜின் நகராட்சி, ஒரு பழைய விடுதிக் கட்டிடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தது. அங்கே கட்டணம் என்று எதுவும் கிடையாது. முடிந்தவர்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள். மருத்துவமனைகள் கைவிரித்த நோயாளிகள் தொலைதூரங்களிலிருந்து வந்து அந்த வாசலில் காத்திருந்தார்கள்.

அவர்கள் ஏன் வந்தார்கள்? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அன்றைய மார்பகப் புற்றுநோயாளிக்கு மருத்துவம் எதை வைத்திருந்தது என்று பார்த்தால் அந்த வாசலில் நின்றவர்களை நாம் வேறு விதமாகப் புரிந்துகொள்வோம். அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1880களில் தொடங்கிப் பரப்பிய அறுவை முறை அப்போது மேற்குலகெங்கும் கோலோச்சிக்கொண்டிருந்தது. மார்பகம் முழுவதும், அதற்கு அடியில் இருக்கும் நெஞ்சுத் தசைகள், அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டி எடுப்பது அந்த முறை. உயிர் பிழைத்தவர்களில் பலர் குழிவிழுந்த நெஞ்சோடும் வீங்கிய கையோடும் வாழ்ந்தார்கள். இதற்குப் பக்கத்தில், அருகே உட்கார்ந்து கதை கேட்கிற, காசு கேட்காத, சூடான கஷாயம் ஊற்றித் தருகிற ஒரு பெண் இருந்தார். அந்தப் பெண்ணைத் தேடிப் போவதை மூடத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

1938இல் விவகாரம் ஒன்டாரியோ சட்டமன்றத்துக்கு வந்தது. கேஸ் சட்டப்படி சிகிச்சை தர அனுமதிக்க வேண்டும் என்று 55,000 பேர் கையெழுத்திட்ட மனு கொடுக்கப்பட்டது. மசோதா மூன்றே வாக்குகளில் தோற்றது. அதே ஆண்டு, இப்படிப்பட்ட புற்றுநோய் மருந்துகளை ஆராய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. மருந்தின் செய்முறையைக் கொடுங்கள், பிறகு ஆராய்கிறோம் என்றது ஆணையம். மருந்துக்கு மதிப்புண்டு என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு கொடுக்கிறேன் என்றார் கேஸ். நோயாளிகள் சிலரை விசாரித்த ஆணையம், மருந்து பயன் தருகிறது என்று முடிவுசெய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. 1942இல் கேஸ் தன் மருத்துவ இல்லத்தை மூடினார்.

பெண்ணிய வாசிப்புக்குப் பழகிய நமக்கு இந்தக் கதையின் அச்சு தெரிந்ததுதான். பார்பரா எரன்ரைக்கும் டியர்ட்ரே இங்கிலிஷும் 1973இல் எழுதிய சிறுநூல், சூனியக்காரிகள் என்றும் மருத்துவச்சிகள் என்றும் ஒதுக்கப்பட்ட பெண் வைத்தியர்களை ஆண்களின் மருத்துவத் தொழில் எப்படி வெளியேற்றியது என்று பேசியது. அதன் வழியே பார்த்தால் ரீன் கேஸ் நம்முடைய தியாகி. ஆணையம் நம்முடைய எதிரி. இந்த வாசிப்பில் உண்மை உண்டு. செவிலி என்பவள் மருத்துவரின் கட்டளைக்குக் காத்திருப்பவள், அவளுக்கென்று அறிவு கிடையாது என்ற எண்ணம் அன்று சட்டமாகவே இருந்தது.

ஆனால் இந்த வாசிப்பு ஒரு கேள்வியைக் கேட்காமல் நழுவுகிறது. மருந்து வேலை செய்ததா?

கேஸ் செய்முறையை மறைத்ததற்குக் காரணம் இருந்தது. கொடுத்தால் பிடுங்கிக்கொள்வார்கள், தன்னை ஓரங்கட்டுவார்கள் என்று பயந்தார். நம் ஊரிலும் ‘மருந்தை வெளியே சொன்னால் பலிக்காது’ என்று சொல்லும் வைத்தியர்கள் உண்டு. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் கைமாறும் குடும்ப மருந்துகள் உண்டு. ரகசியம் வைத்தியரைக் காப்பாற்றுகிறது. நோயாளியை அது காப்பாற்றுவதில்லை. உள்ளே போவது என்ன, எவ்வளவு, வேறு மருந்தோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்கும் உரிமையை அது அவளிடமிருந்து எடுத்துவிடுகிறது. ஆணையத்திடம் கேஸ் பூட்டிய கதவு அவரைத் தேடிவந்த பெண்களுக்கும் சேர்த்தே பூட்டப்பட்டது.

1977இல் கனடாவின் ‘ஹோம்மேக்கர்ஸ்’ என்ற பெண்கள் இதழ் எஸ்ஸியாக் பற்றி விரிவான கட்டுரை வெளியிட்டது. அடங்கிக் கிடந்த பேச்சு மறுபடி கிளம்பியது. அதே ஆண்டு, 89 வயதான கேஸ் செய்முறையை ரெஸ்பரின் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தார். மறு ஆண்டு இறந்தார். மருந்தைச் சோதிக்க ரெஸ்பரின் பெற்றிருந்த அனுமதியைக் கனடா அரசு 1982இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறகு அந்தக் கஷாயம் கடைச் சரக்கானது. பல நிறுவனங்கள், பல பெயர்கள், பல கலவைகள். கட்டணம் வாங்காமல் கொடுத்த ஒரு பெண்ணின் படமும் கதையும் விற்பனைக்கு உதவின.

இப்போது கத்தியின் பக்கம் வருவோம். கேஸிடம் ஆதாரம் கேட்ட மருத்துவ உலகம், ஹால்ஸ்டெட்டின் அறுவைக்கு ஆதாரம் வைத்திருந்ததா? இல்லை. ஏறத்தாழ 90 ஆண்டுகள் அந்த முறை முறையான ஒப்பீட்டுச் சோதனை இல்லாமலே லட்சக்கணக்கான பெண்களின் உடல்மீது நடந்தது. பெரிய மருத்துவர் சொன்னார், மற்றவர்கள் செய்தார்கள். செவிலியின் கஷாயத்துக்கும் பேராசிரியரின் கத்திக்கும் பின்னால் இருந்தது ஒரே வகை நம்பிக்கைதான். ஒன்றுக்கு அதிகாரம் இருந்தது, மற்றதற்கு இல்லை.

இதை மாற்றியது சோதனை. 1971இல் அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் ஓர் ஆய்வு தொடங்கியது. 1,600க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தார்கள். யாருக்குத் தசைகளோடு சேர்த்து அறுவை, யாருக்குச் சிறிய அறுவை என்பதைச் சீட்டுக் குலுக்கிப்போடுவதுபோல் முடிவுசெய்தார்கள். ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது உயிர் பிழைப்பதில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. அடுத்து வந்த இன்னொரு ஆய்வு, பொருத்தமான நோயாளிகளுக்குக் கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் போதும் என்று 1985இல் காட்டியது. பத்திரிகையாளர் ரோஸ் குஷ்னர் இதே காலத்தில் வேறொரு முனையில் போராடினார். சதைப் பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பெண், கண்விழிக்கும்போது மார்பை இழந்திருப்பாள் என்பதுதான் அன்றைய வழக்கம். 1974இல் தன் மார்பில் கட்டி கண்ட குஷ்னர் அதற்கு உடன்பட மறுத்தார். முதலில் பரிசோதனை, பிறகு நோயாளியிடம் பேச்சு, அதன் பிறகே அறுவை என்று எழுதினார், சண்டையிட்டார். 1979இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழுவில் அவரும் உட்கார்ந்தார். பரிசோதனையையும் அறுவையையும் பிரிக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது.

ஹால்ஸ்டெட்டின் கத்தியிலிருந்து பெண்களை விடுவித்தது, ‘ஆதாரம் எங்கே?’ என்ற கேள்வி. அந்தக் கேள்வியை மருத்துவமனையைப் பார்த்து மட்டும் கேட்டுவிட்டு, மூலிகையைப் பார்த்தால் வாயடைத்துப்போவது பெண்ணியம் ஆகாது.

எஸ்ஸியாக்கிடமும் கேட்டார்கள். ஒன்டாரியோவிலேயே, மார்பகப் புற்றுநோய் கண்ட 510 பெண்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. கஷாயம் குடித்தவர்களின் வாழ்க்கைத் தரமோ மனநிலையோ குடிக்காதவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. ஆனாலும் குடித்தவர்களில் பலர் தங்களுக்கு நன்மை தெரிந்தது என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதைக் குடித்தது எதிர்ப்பு சக்தி கூடும், பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்றுதான். மருந்தைப் பற்றி அவர்களுக்கு அதிகம் சொன்னவர்கள் தோழிகள். இந்தக் கடைசித் தகவல் என்னை நிறுத்தி யோசிக்கவைத்தது. மருந்து தோழமையின் வழியாகவே பரவுகிறது. அதே ஆண்டு வந்த ஓர் ஆய்வகச் சோதனையில், எஸ்ஸியாக் கலந்த கண்ணாடித் தட்டுகளில் மார்பகப் புற்று அணுக்கள் இன்னும் வேகமாகப் பெருகின. தட்டில் நடப்பது உடலில் அப்படியே நடக்கும் என்பதில்லை. ஆனால் ‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்ற பேச்சுக்கு அது போதுமான பதில்.

மூலிகைகளும் சத்து மாத்திரைகளும் எல்லாமே வீண் என்பதல்ல என் வாதம். 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் கீமோ எடுத்துக்கொண்ட 576 பேர் இருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மார்பகப் புற்று. வழக்கமான வாந்தி மருந்தோடு நாளுக்கு அரை கிராமிலிருந்து ஒரு கிராம் வரை இஞ்சி எடுத்தவர்களுக்கு முதல் நாள் குமட்டல் குறைந்தது. நம் பாட்டிகளின் கை இங்கே ஜெயித்தது என்று மகிழலாம். மகிழ்வதோடு அடுத்த ஆய்வையும் படிக்க வேண்டும். கீமோவின் ஒரு வகை மருந்துகளால் கைகால் விரல்கள் மரத்துப்போவதை ‘அசிட்டைல் எல் கார்னிட்டின்’ என்ற சத்து மாத்திரை தடுக்கும் என்று பலரும் நம்பினார்கள். டான் ஹெர்ஷ்மன் என்ற பெண் மருத்துவர் தலைமையில் 409 பெண்களிடம் அதைச் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்கு மரத்துப்போவது கூடியிருந்தது. நல்லது செய்யும் என்று எல்லாரும் நினைத்தது கெடுதல் செய்தது. சோதிக்காமல் விட்டிருந்தால், விரல் மரத்த பெண் ‘இன்னும் கொஞ்சம் சாப்பிடுகிறேன்’ என்று அதையே கூட்டியிருப்பாள்.

நம் அடுக்களைக்கு மிக அருகில் வருகிற ஆய்வு ஒன்று நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நடந்தது. மார்பகப் புற்று திரும்பிவராமல் இருக்கப் பல பெண்கள் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளும் மருந்து டமாக்சிஃபென். ஈரல் அதை எண்டாக்சிஃபென் என்ற பொருளாக மாற்றுகிறது. உடலில் பெரும்பகுதி வேலையைச் செய்வது அதுதான். 2019இல் வெளியான அந்தச் சிறு ஆய்வில் 16 பேருக்கு, மஞ்சளிலிருந்து எடுக்கும் குர்குமின் மாத்திரைகளை இந்த மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார்கள். எண்டாக்சிஃபென் அளவு சுமார் 8 சதவீதம் குறைந்தது. மிளகிலிருந்து எடுக்கும் பைப்பரினையும் சேர்த்தபோது சுமார் 12 சதவீதம் குறைந்தது. குழம்பில் போடும் மஞ்சள்தூளைப் பற்றிய ஆய்வல்ல இது. ஒரு நாளைக்கு மூன்று வேளை 1,200 மில்லிகிராம் குர்குமின் விழுங்குவதைப் பற்றியது. ஆனால் இன்று மருந்துக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் ‘எதிர்ப்பு சக்தி’ என்ற பெயரில் விற்கப்படும் பல புட்டிகளில் மஞ்சளும் மிளகும் சேர்ந்தேதான் இருக்கின்றன. உடலில் ஏற்கெனவே எண்டாக்சிஃபென் குறைவாக உருவாகும் பெண்ணுக்கு இந்தக் குறைவு சிறிய விஷயம் அல்ல.

ஹெதர் கிரீன்லீ முதலானவர்கள் தொகுத்து 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மார்பகப் புற்றுநோய் சிகிச்சையோடு சேர்த்து எதைச் செய்யலாம் என்று ஒவ்வொன்றாக எடைபோட்டன. மனக்கலக்கத்துக்குத் தியானம், யோகா, இசை ஆகியவை நல்ல மதிப்பெண் பெற்றன. சிகிச்சையின் பக்கவிளைவுகளைச் சமாளிக்கச் சத்து மாத்திரைகள் உதவும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்று அவை சொல்லின. பாட்டியின் பக்கமா மருத்துவரின் பக்கமா என்று பார்க்காமல், எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்த முடிவு இது.

அந்தத் தராசு வீட்டுக்குள் வருவதற்கு ஒரு தடை இருக்கிறது. கீமோ ஏற்றிக்கொள்ளும் பெண், கரண்டு வைத்துக்கொள்ளும் பெண், வீட்டில் என்ன குடிக்கிறாள் என்று மருத்துவரிடம் சொல்வதில்லை. திட்டுவார் என்ற பயம். கொடுத்த நாத்தனாருக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ கெட்ட பெயர் வந்துவிடும் என்ற தயக்கம். பல மருத்துவர்களும் கேட்பதில்லை. கேட்டாலும் ‘அதெல்லாம் வேண்டாம்’ என்ற ஒரு வரியோடு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். பிரேஸ்பிரிட்ஜில் கேஸின் வாசலில் கூட்டம் சேர்ந்தது இந்த மௌனத்தால்தான். மூலிகை விற்கும் கடைகளுக்கு இன்று கூட்டம் சேர்ப்பதும் இதே மௌனம்தான்.

ஆகவே நோயாளியின் தோழியாக இருப்பவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ‘இதைக் குடித்துப் பார்’ என்று சொல்வதற்கு முன், அவளோடு மருத்துவமனைக்குப் போகலாம். வீட்டிலிருக்கும் புட்டி, பொடி, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் மேசைமேல் வைக்கலாம். இதில் எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடரலாம், ஏன் என்று கேட்கலாம். மருத்துவர் சலித்துக்கொண்டால் மறுபடி கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மருத்துவர் கடமைப்பட்டவர். மூலிகை கொடுக்கிறவரும் அதே அளவு கடமைப்பட்டவர்.