தாலி மேல் ஒரு வழக்கு

போன மாதம் ஆவடியில் என் தங்கை பேத்திக்குக் கல்யாணம். பூசை நடுவில் சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்தார். மஞ்சள் கயிறு, சிலுவை போட்ட தாலி. பக்கத்தில் பாரிஸிலிருந்து வந்திருந்த அண்ணன் பேரன். "தாத்தா, இது இந்துக்கள் பழக்கம் இல்லையா? கோயிலுக்குள் எப்படி விட்டார்கள்?" என்றான். "தாத்தா" மட்டும்தான் தமிழ், மீதி பிரெஞ்சு. நாதஸ்வரச் சத்தத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதுகிறேன். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, நீங்களாவது படியுங்கள்.

அந்தக் கேள்வி நானூறு வருஷப் பழசு. 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, ரோமில் பிறந்த இத்தாலியப் பிரபு. கிறிஸ்தவன் ஆவது என்றால் பரங்கி ஆவது என்று ஊர் நினைப்பதைப் பார்த்தார். (நம் பரங்கிமலையின் பெயரில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது.) காவி கட்டினார், மரக்கறி சாப்பிட்டார், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் நாட்டு வழக்கம், அதற்கும் விசுவாசத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் வாதம். கூட இருந்த போர்த்துகீசிய சாமியாரே புகார் எழுதினார். 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நொபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். 1656-ல் நொபிலி காலமானது நம் மயிலாப்பூரில்தான்.

வழக்கு அதோடு முடியவில்லை. 1703 நவம்பரில் பாப்பரசரின் தூதராகத் தூர்னோன் என்பவர் பாண்டிச்சேரிக்கு வந்து இறங்கினார். தமிழ் தெரியாது. உடம்பு சரியில்லை. உள்நாட்டுப் பக்கம் போகவே இல்லை. எட்டு மாதம் இருந்துவிட்டு, 1704 ஜூன் 23 தேதியிட்டு ஓர் ஆணை போட்டார். முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு கட்டியவன் நான். தாலுக்காவில் கால் வைக்காத அதிகாரி அனுப்பும் சர்க்குலர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பிள்ளையார் உருவம் போட்ட தாலி கூடாது. மஞ்சள் பூசிய நூற்றெட்டு இழைக் கயிறு கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. பெண் வயசுக்கு வந்தால் சடங்கு கூடாது. திருநீறு கூடாது. சிலுவையோ மாதாவோ உள்ள தாலி கட்டலாம் என்று சொன்னதும் இதே ஆணைதான். பேரன் பார்த்த தாலிக்கு வயசு அவ்வளவு.

ஒரு விஷயம் மட்டும் விடக்கூடாது என்றார் தூர்னோன்: எச்சில். அந்தக் கால ஞானஸ்நானத்தில் குரு தன் எச்சிலைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பார். நம் ஜனங்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சேசு சபையார் அதை விட்டுவிட்டிருந்தார்கள். நம் தேங்காய் மூடநம்பிக்கை, அவர்கள் எச்சில் வேதம்! 1969-ல் வந்த புதிய சடங்கு முறையில் அந்த எச்சில் போயே போய்விட்டது. விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். குளோவிஸ் ராஜா ரேன்ஸ் நகரத்தில் ஞானஸ்நானம் பெற்றதை நாங்கள் மனப்பாடமாக ஒப்பிப்போம். பிரான்ஸ் திருச்சபையின் மூத்த மகள் என்பார்கள். அந்த மூத்த மகளின் சீதனத்தில் எத்தனை பழைய சாமான் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. கல்யாண மோதிரம், கிறிஸ்தவம் வருவதற்கு முன்பே ரோமாபுரியில் நிச்சயதார்த்தத்துக்குப் போட்டது. 601-ல் முதலாம் கிரகோரி பாப்பரசர் இங்கிலாந்துக்குப் போன துறவிகளுக்கு எழுதினார்: அவர்கள் கோயில்களை இடிக்காதீர்கள், விக்கிரகங்களை எடுத்துவிட்டுத் தீர்த்தம் தெளித்துப் பீடம் வையுங்கள்; மாடு பலியிடுவதைத் திருநாள் விருந்தாக மாற்றுங்கள். தங்கள் பாட்டன்மார் வழக்கம் தீர்த்தம் பட்டு வேதத்தோடு கலந்துபோனதை மறந்தவர்கள்தான் நம் வழக்கத்தை விசாரணைக் கூண்டில் ஏற்றினார்கள். 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசர் தடையை உறுதி செய்தார். இதற்குக் கட்டுப்படுவதாக ஒவ்வொரு மிஷனரியும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அந்தச் சத்தியம் நீங்கியது 1940-ல்.

ஆனால் தூர்னோனை முழுக்கக் குறை சொல்ல என் மனசு ஒப்பவில்லை. சேரியில் கிறிஸ்தவர் ஒருவர் சாகக் கிடந்தால், குரு அவர் வீட்டுக்கே போய் அவஸ்தை பூசுதல் கொடுக்க வேண்டும் என்று அதே ஆணையில் எழுதினார். மேல்சாதியாருக்குச் சன்னியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசாமி என்று குருக்களையே பிரித்து வைத்திருந்தது நொபிலி வழி. சந்தனத்தோடு சாதியும் நாட்டு வழக்கம் என்ற கணக்கில் உள்ளே வந்துவிட்டது. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் கோயிலில் யார் எந்தப் பக்கம் உட்காருவது என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. எல்லோருக்கும் தெரியும். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து எங்கள் பக்கம் உட்கார வைத்தது நினைவிருக்கிறது.

சாப்பாட்டுப் பந்தியில் பேரனிடம் மோதிரக் கதையைச் சொன்னேன். அவனுக்கும் நிச்சயமாகியிருக்கிறது, விரலில் மோதிரம். கழற்றிப் பார்த்துச் சிரித்தான். நல்ல வேளை, தாலியைப் பற்றித்தான் கேட்டான். இந்த மாப்பிள்ளையை எதை எதைப் பார்த்துத் தேடினார்கள் என்று கேட்டிருந்தால், நாதஸ்வரம் நின்ற பிறகும் நான் வாய் திறந்திருக்க மாட்டேன்.