ஆட்டக்காரரும் மனைக்காரரும்: ‘கேமிங்’ என்ற சொல்லின் சட்ட வரலாறு

கேரள மாநிலம் உருவான நான்காம் ஆண்டில், 1960இல், ‘கேரள கேமிங் சட்டம்’ இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் தலைப்பிலுள்ள ‘கேமிங்’ சூதாட்டத்தையே குறித்தது. கணினித் திரையில் ஆடப்படும் வீடியோ கேம் அப்போது இந்தியாவில் எவரும் அறியாத பொருள். அரை நூற்றாண்டு கழித்து வீடியோ கேம் தொழில் அதே சொல்லைத் தன் பெயராகச் சூடிக்கொண்டது. பணம் வைத்து ஆடும் ரம்மி நிறுவனங்களும் தம்மை ‘கேமிங்’ நிறுவனங்கள் என்றே அழைத்துக்கொண்டன. தமிழில் விளையாட்டு வேறு, சூது வேறு; திருக்குறள் சூதுக்கென்றே தனி அதிகாரம் ஒதுக்கியுள்ளது. சட்டத்தின் ஆங்கிலமோ இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தது. அந்தக் குழப்பத்தின் வரலாற்றை அறியத் திருவனந்தபுரம் பொருத்தமான ஊர்.

குழப்பத்தைத் தீர்க்க இந்தியச் சட்டம் கையாண்ட உரைகல் ஒன்றே: ஆட்டம் திறமையைச் சார்ந்ததா, தற்செயலைச் சார்ந்ததா? 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் திறமை ஆட்டங்களுக்கு விலக்கு அளித்தது. 1957இல் சமர்பாக்வாலா வழக்கில் உச்சநீதிமன்றம், சூதாட்டம் அரசியலமைப்பு பாதுகாக்கும் வணிகமாகாது என்றது. திறமைப் போட்டிகளை அதிலிருந்து பிரித்தது. 1967இல் சத்தியநாராயணா வழக்கில், செகந்திராபாத் மனமகிழ் மன்றம் ஒன்றில் ஆடப்பட்ட ரம்மி அந்நீதிமன்றத்தின் முன் வந்தது. எந்தச் சீட்டு விழுந்தது என்பதை நினைவில் கொள்ளவும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது எனத் தீர்மானிக்கவும் வேண்டியிருப்பதால், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று நீதிமன்றம் கூறியது.

இத்தீர்ப்பின் முதற்பாதியே பின்னர் திரும்பத் திரும்ப மேற்கோளாயிற்று. இரண்டாம் பாதி அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. பணம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றத்தின் உரிமையாளர் ஆதாயம் அடைந்தால் குற்றம் நிறுவப்படலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஆடுபவரின் திறமையைப் பற்றிய வினாவோடு, ஆட்டம் நடக்கும் மனைக்காரரின் ஆதாயத்தைப் பற்றிய வினாவும் அங்கே எழுப்பப்பட்டிருந்தது.

கேரளம் 1976இல் ரம்மியைத் திறமை ஆட்டமாகக் கொண்டு விலக்கு அளித்தது. அந்த விலக்கு சீட்டுக்கட்டை மேசையில் வைத்து ஆடிய காலத்துக்கு உரியது. கைபேசி வந்தபின், மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்த மன்றத்தின் இடத்தை, எந்நேரமும் திறந்திருக்கும் செயலி பிடித்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் பந்தயப் பணத்தின் ஒரு பங்கு நிறுவனத்துக்குச் சேரும். யார் வென்றாலும் அதற்கு இழப்பில்லை. கடனில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் திருவனந்தபுரம் மாவட்டத்திலிருந்தும் வந்தன. 2021 பிப்ரவரியில் மாநில அரசு, பணம் வைத்து ஆடும் இணைய ரம்மிக்கு விலக்கு இல்லை என அறிவிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. திறமை ஆட்டம் பணம் வைத்து ஆடப்படுவதால் மட்டும் சூதாகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்டில், தமிழ்நாட்டின் தடையைச் சென்னை உயர்நீதிமன்றமும் ரத்து செய்திருந்தது. தமிழ்நாடு 2023இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய சட்டத்திலும், ரம்மிக்கும் போக்கருக்கும் விதித்த தடை அவ்வாண்டு நவம்பரில் நீங்கியது. 1967இன் முதற்பாதி ஒவ்வொரு முறையும் வென்றது.

இதே திருவனந்தபுரத்தில்தான் கேரள அரசு லாட்டரியின் தலைமையகமும் இருக்கிறது. 1967இல் தொடங்கி, 1968 ஜனவரி 26 அன்று முதல் குலுக்கலை நடத்திய திட்டம் அது. சீட்டின் விலை 1 ரூபாய். முதற்பரிசு 50,000 ரூபாய். தமிழ்நாடு 2003இல் லாட்டரியைக் கைவிட்டது. கேரளத்தில் அது இன்றும் தொடர்கிறது. லாட்டரியில் திறமைக்குச் சிறிதும் இடமில்லை, முழுதும் தற்செயல். ஆயினும் அது சட்டப்படியானது. காரணம், அரசு நடத்தும் லாட்டரியை அரசியலமைப்பு ஒன்றியப் பட்டியலில் தனி இனமாக வைத்து, மாநிலப் பட்டியலிலுள்ள பந்தயம், சூதாட்டம் ஆகியவற்றிலிருந்து பிரித்திருக்கிறது. திறமையா தற்செயலா என்ற உரைகல் எல்லா இடத்திலும் உரசப்படுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மனைக்காரர் யார் என்பதும் தீர்ப்பை முடிவு செய்கிறது.

நீதிமன்றங்கள் ரம்மியோடு மல்லுக்கட்டிய அதே ஆண்டுகளில் வீடியோ கேம் தொழிலின் உள்ளேயும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தொடக்கத்தில் விளையாட்டு ஒரு பண்டம். ஒருமுறை விலை கொடுத்தால் முழுதும் ஆடுபவருக்கு உரியது. 2006இல் ‘ஒப்லிவியன்’ விளையாட்டில் குதிரைக்கான கவசம் தனியாக 2.50 டாலருக்கு விற்கப்பட்டபோது நெடுநாள் ஆட்டக்காரர்கள் அதனை எள்ளி நகையாடினர். நகைப்பு அடங்கியது, வணிகமுறை நிலைத்தது. அடுத்து வந்தது ‘லூட் பாக்ஸ்’: உள்ளே என்ன இருக்கிறது என அறியாமலே பணம் கொடுத்துத் திறக்கும் பெட்டி. விளையாட்டின் திறமையான உடலுக்குள் ஒரு லாட்டரி குடியேறியது எனலாம்.

2017 நவம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ வெளியானபோது ஆட்டக்காரர்களின் எதிர்ப்பு வெடித்தது. முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டில், முன்னேற்றமே பெட்டிகளின் வழியாக வருவதை அவர்கள் ஏற்க மறுத்தனர். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் பணம் செலுத்தும் வசதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சில விளையாட்டுகளின் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. இங்குக் கால வரிசை கருதத்தக்கது. சட்டம் பேசுவதற்கு முன் ஆடுபவர்கள் பேசினர். திறமை பற்றிய ஐயம் அவர்களுக்கு இல்லை. ஆட்டம் யாருடைய ஆதாயத்துக்காக இவ்வாறு வடிவமைக்கப்பட்டது என்பதே அவர்கள் கேட்டது. செகந்திராபாத் வழக்கின் இரண்டாம் பாதி எழுப்பிய வினாவும் அதுவே.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. அது விளையாட்டுகளை மின்விளையாட்டு, சமூக விளையாட்டு, பண விளையாட்டு என மூவகையாகப் பிரிக்கிறது. பணத்தை எதிர்பார்த்துப் பணம் வைத்து ஆடுவது திறமையாயினும் தற்செயலாயினும் தடை. தண்டனை நடத்துபவருக்கு: 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். ஆடுபவர் குற்றவாளியல்லர். பழைய உரைகல்லை ஒதுக்கி, மனைக்காரரை நோக்கிச் சட்டம் திரும்பிய தருணம் இது. கேரள அறிவிக்கையை 2021இல் வீழ்த்திய ரம்மி நிறுவனமே இச்சட்டத்தையும் எதிர்த்துக் கர்நாடக உயர்நீதிமன்றத்தை நாடியது. வழக்குகள் பின்னர் உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

ஆயினும் திருப்பம் பாதியளவே. சட்டத்தின் கண் பணமாகத் திரும்பும் ஆதாயத்தின்மீது நிலைத்திருக்கிறது. வாளாக, உடையாக, அரிய பாத்திரமாகத் திரும்பும் பெட்டியைப் பற்றி அது வெளிப்படையாகப் பேசுவதில்லை. கடனில் வீழ்ந்தவரைக் காக்க முனைந்த சட்டம், பெற்றோரின் அட்டையில் பெட்டி திறக்கும் சிறுவனைப் பற்றி இன்னும் தெளிவாகச் சிந்திக்கவில்லை. மறுபுறம், சூதோடு தொடர்பற்ற படைப்புகளும் ‘கேமிங்’ என்ற அதே சொல்லின் நிழலில் நிற்கின்றன. கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொன்ன ‘வெண்பா’ 2023இல் வெளியாகி, மறு ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசைப் பெற்றது. பந்தயம் இல்லை, பெட்டி இல்லை. ஒருமுறை விலை, முழுக் கதை. இந்தப் படைப்பையும் ரம்மிச் செயலியையும் ஒரே சொல்லால் அழைக்கும் வரை, கொள்கை விவாதம் ஒன்றை அடிக்க ஓங்கிய கையால் மற்றொன்றை அடிக்கும். பிரித்தறியச் சட்டத்துக்கு வேண்டிய வினா 1967லேயே கேட்கப்பட்டுவிட்டது: ஆட்டத்தின் ஆதாயம் யாருக்கு, எந்த வழியில்?