தெரியாதவரைத் தேர்ந்தெடுத்த காலம்: பல்கலைக்கழகங்களில் சிறுநீரியல் பேராசிரியர் நியமனம்

மருத்துவக் கல்லூரி ஒன்று யூராலஜி உதவிப் பேராசிரியர் வேண்டும் என்று இன்று விளம்பரம் கொடுத்தால் அதில் என்னென்ன இருக்கும் என்பது மருத்துவ வட்டாரத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். பொது அறுவையில் எம்.எஸ்., அதற்கு மேல் மூன்றாண்டு எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான டி.ஆர்.என்.பி., உரிய இடத்தில் பணியாற்றிய சான்று. பதவி உயர உயர ஆய்வுக் கட்டுரைகளின் கணக்கும் வந்து சேரும். ஆனால் இத்துறையின் போக்கையே மாற்றிய இரண்டு நியமனங்கள், 1897இல் ஒன்றும் 1927இல் ஒன்றும், இந்த அளவுகோலில் முதல் சுற்றிலேயே தள்ளுபடியாகியிருக்கும். அந்த இருவருக்கும் யூராலஜி தெரியாது. அப்படியிருந்தும் அவை ஏன் பலித்தன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. ஆளின் தகுதியைவிட, அவருக்கு நிறுவனம் ஒதுக்கிய வார்டும் ஆய்வுக்கூடமும் அவகாசமுமே முடிவைத் தீர்மானித்தன என்பது என் வாதம்.

கல்லடைப்புக்குக் கத்தி வைப்பதை அத்தொழிலில் தேர்ந்தவர்களுக்கே விட்டுவிட வேண்டும் என்று ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழியே சொல்லிவிட்டது. அதனால் ஐரோப்பாவில் நெடுங்காலம் இந்த வேலை ஊர் ஊராகச் சுற்றிய கல்லறுப்பாளர்கள் கையில் இருந்தது. பல்கலைக்கழகம் அதைத் தன் கூரைக்குள் கொண்டுவரத் தயங்கியதில் வியப்பில்லை. திருப்பம் பாரிஸில் வந்தது. 1824இல் ழான் சிவியால் வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர்க் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்திக் கல்லைப் பொடித்துக் காட்டினார். அதன் பலனாக நெக்கர் மருத்துவமனையில் கல்லடைப்பு நோயாளிகளுக்கென்று தனிப் படுக்கைகள் கிடைத்தன. அவர் 1867இல் இறந்தபோது அந்தப் பொறுப்பு ரெயூனியன் தீவில் பிறந்த ஃபெலிக்ஸ் கியோனிடம் வந்தது. சிறுநீர்ப் பாதை நோய்களுக்கான பேராசிரியர் இருக்கை உருவானதோ 1890இல்தான். கியோனுக்கு முதலில் வார்டு, இருபத்து மூன்று ஆண்டு கழித்துப் பட்டம். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். அதற்குள் நெக்கர், உலகின் பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் வந்து கற்கும் இடமாகியிருந்தது. 1906இல் கியோனுக்குப் பின் இருக்கையில் அமர்ந்தவர் கியூபாவில் பிறந்த ஹோவாக்கின் அல்பர்ரான். வெளியூர் விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் அல்லர். அதே வார்டில் உருவான மாணவர்.

பெர்லினில் கதை வேறு. மாக்ஸ் நிட்சே சிறுநீர்ப்பையின் உள்ளே வெளிச்சம் காட்டும் சிஸ்டோஸ்கோப்பை 1879இல் வியன்னாவில் செய்து காட்டினார். இன்றைய யூராலஜி அந்தக் குழாயிலிருந்து தொடங்கியது என்றால் மிகையில்லை. ஆனால் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் பொது அறுவைப் பேராசிரியர்களின் ஆதிக்கம் அசைக்க முடியாதது. தங்கள் துறையிலிருந்து ஓர் உறுப்பை வெட்டிக் கொடுக்க அவர்கள் ஒப்பவில்லை. கருவியைக் கண்டவருக்கு முழுப் பேராசிரியர் இருக்கை கடைசிவரை கிடைக்கவில்லை.

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சிறுநீர் நோய்ப் பிரிவைப் பார்த்துவந்தவர் ஜேம்ஸ் பிரவுன். ஆணின் சிறுநீரகக் குழாய்க்குள் வடிகுழாய் செலுத்திக் காட்டியவர். அவர் இறந்ததால் இடம் காலியானது. 1897இல் ஒரு நாள் அறுவைத் துறைத் தலைவர் வில்லியம் ஹால்ஸ்டெட் மருத்துவமனை நடையில் வந்துகொண்டிருந்தார். எதிரே ஓடிவந்த பயிற்சி அறுவையாளர் ஹியூ ஹாம்ப்டன் யங் அவரைக் கிட்டத்தட்ட இடித்துத் தள்ளிவிட்டார். மன்னிப்புக் கேட்ட இளைஞரிடம் ஹால்ஸ்டெட், உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், அந்தப் பிரிவை நீ ஏற்றுக்கொள் என்றாராம். எனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாதே என்றார் யங். அது எங்களுக்கும் தெரியும், கற்றுக்கொள்வாய் என்று நம்புகிறோம் என்பது பதில். 1940இல் வெளியான தன்வரலாற்றில் யங் இதைச் சொல்கிறார். தன்வரலாறுகளில் இத்தகைய காட்சிகள் சற்று மெருகேறித்தான் வரும். ஆனால் அடிப்படைச் செய்தியில் ஐயமில்லை: நேர்காணல் இல்லை, போட்டியிட ஆளில்லை, வயது 27.

இதைக் குருட்டதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஹால்ஸ்டெட் அந்த இளைஞரின் கையை அறுவை அரங்கில் நாள்தோறும் பார்த்தவர். அவர் கொடுத்ததும் வெறும் பதவிப் பெயரன்று. நோயாளிகள் வரும் பிரிவும், கத்தி பிடிக்க அரங்கும், தவறினால் திருத்த ஆசிரியரும் சேர்த்துத்தான். 1904இல் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அச்சுரப்பியை அடியோடு அகற்றும் அறுவையை யங் செய்தபோது, உதவிக்கு நின்றவர் ஹால்ஸ்டெட். தலைவர் தம் மாணவருக்கு உதவியாளராக நிற்கும் காட்சியை நம் ஊர் அரங்குகளில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்?

பணமும் நோயாளி வடிவிலேயே வந்தது. ரயில்வே தளவாட வியாபாரத்தில் கொழித்தவர், வைரங்களாலும் பெருந்தீனியாலும் பேர்பெற்றவர் ஜேம்ஸ் பியூக்கனன் பிரேடி. நீரிழிவும் இதயக் கோளாறும் இருந்ததால் அவருடைய புரோஸ்டேட் அடைப்பைத் தொட மற்றவர்கள் அஞ்சினார்கள். 1912இல் யங், தாமே வடிவமைத்த கருவியைக் குழாய் வழியாகச் செலுத்தி, வெளியே கத்தி படாமல் அடைப்பை நீக்கினார். பிரேடியின் நன்கொடையில் 1915இல் அவர் பெயரிலேயே யூராலஜி நிறுவனம் ஹாப்கின்ஸில் எழுந்தது. இரண்டாண்டுகளில் அத்துறைக்கான ஆய்விதழையும் யங் தொடங்கிவிட்டார். தெரியாதவராக நுழைந்தவர் இருபதே ஆண்டுகளில் துறைக்குக் கட்டடமும் ஏடும் கொடுத்தார்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் துணிச்சலானது. 1927இல் அங்கே புதிய மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் திறந்தன. ஆசிரியர்கள் தனிப்பட்ட முறையில் நோயாளி பார்த்துச் சம்பாதிக்கக் கூடாது. முழுநேரச் சம்பளம், மீதி நேரம் ஆய்வுக்கு என்பது ஏற்பாடு. அறுவைத் துறைத் தலைவர் டல்லஸ் ஃபெமிஸ்டர், ஹார்வர்டில் படித்து மிச்சிகனில் பொது அறுவை பயின்ற 26 வயது சார்ல்ஸ் ஹக்கின்ஸிடம் யூராலஜியை ஒப்படைத்தார். ஹக்கின்ஸ் அதைப் பெரும்பாலும் புத்தகத்திலிருந்தே கற்றார். சில ஆண்டுகளில் ஐரோப்பாவுக்கும் போய் வந்தார். தனிப் பிராக்டீஸை நம்பி வாழும் ஒருவருக்கு அந்த அவகாசம் எளிதில் வாய்த்திராது.

அவர் செய்ததை அருகில் போய்ப் பார்க்கலாம். நாயின் புரோஸ்டேட் சுரப்பியைச் சிறுநீர்ப் பாதையிலிருந்து பிரித்து, அது சுரக்கும் நீரை மட்டும் நாள்கணக்கில் சேகரிக்கும் அறுவை முறையொன்றை வகுத்தார். விதையை அகற்றினால் சுரப்பு வற்றியது. ஆண் ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் திரும்பியது. பிறகு இதையே மனிதரிடம் பார்த்தார். பரவிய புரோஸ்டேட் புற்றுநோயாளிகளுக்கு விதையை அகற்றியதும் இரத்தத்தில் அமில ஃபாஸ்ஃபடேஸ் அளவு இறங்கியது. எலும்பு வலி தணிந்தது. 1941இல் மாணவர் கிளாரன்ஸ் ஹாட்ஜஸுடன் எழுதிய கட்டுரை வெளிவந்தது. 1966இல் நோபல் பரிசு வந்தது. ஹார்மோனைத் தடுத்துப் புரோஸ்டேட் புற்றுநோயைக் கட்டுப்படுத்தும் இன்றைய சிகிச்சைக்கு வேர் அந்த நாய்க்கூடத்தில் இருக்கிறது.

இந்த இரு கிளைகளும் பின்னர் ஒன்றாயின. யங்கின் இருக்கைக்கு 1946இல் ஹாப்கின்ஸ் தேர்ந்த வில்லியம் வாலஸ் ஸ்காட், சிகாகோவில் ஹக்கின்ஸிடம் பயின்றவர். அவருக்குப் பின் 1974இல் வந்த பாட்ரிக் வால்ஷ், 1982இல் ஆண்மை நரம்புகளைக் காத்து புரோஸ்டேட்டை அகற்றும் முறையைத் தந்தார். அதற்கு முந்திய ஆண்டு நெதர்லாந்தின் லைடனில், ஓய்வுபெற்ற பேராசிரியர் பீட்டர் டோங்கருடன் அமர்ந்து இறந்து பிறந்த சிசுவின் உடலில் அந்த நரம்புகளின் தடத்தைப் பார்த்ததுதான் திறவுகோல். மூன்று நியமனங்களிலும் ஹாப்கின்ஸ் கைத்திறனோடு ஆய்வுப் பசியையும் தேடியது தெரிகிறது.

நியமனம் எப்படிக் கெடும் என்பதற்கும் இத்துறையில் சான்று உண்டு. பெர்லின் புனித ஹெட்விக் மருத்துவமனையில் பெரிய யூராலஜிப் பிரிவை நடத்தியவர் அலெக்ஸாண்டர் ஃபான் லிக்டன்பெர்க். சிரையில் மருந்து செலுத்திச் சிறுநீரகத்தை எக்ஸ்ரேயில் காணும் முறை 1929இல் அங்கிருந்துதான் உலகுக்குப் போனது. யூத வம்சாவளி என்பதால் நாஜி ஆட்சியில் அவர் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது, மெக்சிகோவில் காலமானார். நிட்சேக்கு மறுக்கப்பட்ட யூராலஜி முழு இருக்கை பெர்லினில் 1937இல் உருவானபோது, அது ஆட்சிக்கு நெருக்கமான ஒட்டோ ரிங்லெபுக்குப் போனது. இருக்கை கிடைத்தது, துறையின் மூளை வெளியேறியிருந்தது.

சான்றிதழ் யுகம் இதற்கிடையே தொடங்கியது. 1935இல் அமெரிக்க யூராலஜி வாரியம் அமைந்த பிறகு, தெரியாதவரை நடையில் மறித்து நியமிக்கும் வழி அடைபட்டது. அது நல்லதே. நோயாளியின் உடல் கற்றுக்கொள்ளும் களமாக இருக்கக் கூடாது. ஆனால் சான்றிதழ் ஓர் அடித்தளம் மட்டுமே என்பதை நியமனக் குழுக்கள் மறந்தன.

இந்தியாவில் யூராலஜி சங்கம் 1961இல் உருவானது. வேலூர் சி.எம்.சி.யில் 1971இல் நடந்த வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை, யூராலஜிஸ்ட் மோகன் ராவும் சிறுநீரக மருத்துவர் கே.வி. ஜானியும் சேர்ந்து செய்தது. அறுவைக்காரரும் மருத்துவரும் ஒரே கூரையின்கீழ் இருந்த ஏற்பாட்டின் கனி அது.

அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆள் பிடிப்பதில் தமிழ்நாடு எடுத்த வழியும் இந்த வரலாற்றில் சேர வேண்டியது. அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு மருத்துவப் படிப்பு இடங்களில் பாதியை அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கே ஒதுக்கி 2020 நவம்பரில் அரசாணை வந்தது. வழக்குகள் சூழ்ந்தன, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைச் செயல்படுத்த வழிவிட்டது. சேர்பவர் ஓய்வு பெறும்வரை அரசுப் பணியில் இருக்க ஒப்பந்தம் எழுதித் தருகிறார். தகுதிப் பட்டியல்படி மட்டுமே இடம் தர வேண்டும் என்று வாதிட்டவர்களின் ஆதங்கத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் வெளியே தேடுவதைவிட உள்ளே இருப்பவரை உருவாக்குவது என்ற ஹால்ஸ்டெட்டின் முறைக்கு இது நெருங்கிய உறவு.

குறை அடுத்த படியில்தான். படித்துத் திரும்பும் அந்த எம்.சிஎச். மருத்துவருக்கு என்ன காத்திருக்கிறது? யங்குக்குத் தனிப் பிரிவு கிடைத்தது; ஹக்கின்ஸுக்கு ஆய்வுக்கூடமும் வெளிநாடு போக விடுப்பும் கிடைத்தன. நெரிசலான புறநோயாளிப் பிரிவும் அறுவைப் பட்டியலும் வகுப்பும் பதிவேடும் மட்டுமே ஒருவருக்குக் கிடைத்தால், அவரிடம் ஆய்வை எதிர்பார்ப்பது பொருளற்றது. யூராலஜி பேராசிரியர் வேண்டும் என்று விளம்பரம் எழுதும் கல்லூரிகள், வருபவரின் தகுதிகளுக்குக் கீழே தாங்கள் தரப்போவதையும் எழுத வேண்டும்: எத்தனை படுக்கை, வாரத்தில் எத்தனை நாள் அரங்கு, ஆய்வுக்கென்று எத்தனை மணி நேரம்.