முன்னுக்கு வராத விசை

ரிவால்வரின் விசையை இழுப்பது விரல். அதை மறுபடி முன்னுக்குத் தள்ளுவது ஸ்பிரிங். துப்பாக்கிப் பட்டறைகளின் வரலாற்றில் பெரும் மல்லுக்கட்டு இந்த இரண்டாவது வேலையோடுதான்.

பிரிட்டிஷ் படை 1887இல் ஏற்ற வெப்ளி ரிவால்வரில், மடித்த தட்டை ஸ்பிரிங் ஒன்றே சுத்தி, விசை இரண்டையும் பார்த்துக்கொண்டது. மேல்கை சுத்தியை அடிக்க வைக்கும்; கீழ்க்கை ஒரு நெம்புகோல் வழியாக விசையைத் திருப்பும். கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் அந்த வம்சம்தான். அது ஏன் .32? .380, .455 தோட்டாக்கள் போகும் கைத்துப்பாக்கிகளை இந்திய ஆயுத விதிகள் தடைசெய்த ரகத்தில் வைத்துவிட்டன.

அமெரிக்காவில் கோல்ட் நிறுவனமும் ஒரே ஸ்பிரிங்கை நம்பியது. 1955இல் வந்த அதன் பைத்தான் ரிவால்வரிலும் அதே ஏற்பாடு. ஸ்மித் அண்ட் வெஸன் வேறு வழி கண்டது: விசைக்குப் பின்னால் நகரும் ஒரு கட்டைக்குள் தனிச் சுருள் ஸ்பிரிங். இழுப்பு மிருதுவாக வேண்டும் என்று துப்பாக்கி சுடும் போட்டியாளர்கள் இந்த ஸ்பிரிங்குகளை இளக்கினார்கள். வினையும் அங்கேதான் தொடங்கியது. வேகமாகச் சுடும்போது விசை முழுதாக முன்னுக்கு வருமுன்பே விரல் அடுத்த இழுப்பைத் தொடங்கிவிடும். விசை பிடிக்காமல் நழுவும்.

பழி எப்போதும் ஸ்பிரிங்குக்கே போகிறது. அது நியாயமில்லை. காய்ந்து பிசினான எண்ணெய், கட்டையின் விளிம்பில் நின்ற பிசிறு, வெட்டிச் சுருக்கிய சுருளின் கூர்முனை, எதுவும் காரணமாகலாம். எது காரணம் என்று அறிய, வெற்றுத் துப்பாக்கியில் விசையை இழுத்து மெல்ல விடவேண்டும். ஓரிடத்தில் மட்டும் தயங்கினால் உராய்வு. வழிநெடுகச் சோர்ந்தால் ஸ்பிரிங். உராய்வை நீக்கியும் சோர்வு தீராவிட்டால் தொழிற்சாலை ஸ்பிரிங்கையே திரும்பப் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

1888இல் தொழிலதிபர் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலைக்குப் பிறகு, மில்லுக்கும் பம்புசெட்டுக்கும் உதிரிபாகம் கடைந்தே வளர்ந்தது கோவை வட்டாரம். இப்படிப் பழுது பார்க்கும் நுட்பம் அந்தக் கைகளுக்குப் பெரிதல்ல. ஆனாலும் கோபிசெட்டிபாளையத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென உரிமம் பெற்ற விவசாயி, மக்கர் செய்யும் துப்பாக்கியைத் தெருமுனை லேத் பட்டறையில் கொடுக்க முடியாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தயாரிப்பு, விற்பனையோடு பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. ஆகவே அவர் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையைத்தான் தேடிப் போகவேண்டும்.