உழைத்துக்கொண்டே கற்றல்

பகுதி நேரம் ஓரிடத்தில் பணிபுரிந்துகொண்டு முழுநேர மாணவனாகக் கல்லூரியில் பயிலும் இளைஞர்கள் நம் சமுதாயத்தில் பலர். இவர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று குறை கூறுவோரும் உளர். அவ்வாறு கூறுவோர் அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவத்தைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1913ஆம் ஆண்டில் பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையைக் கொண்டு அண்ணல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பிழைப்புக்காக வேலை தேட வேண்டிய நிலை அவருக்கு இல்லை. பொழுதெல்லாம் நூலகத்தில் கழிந்தது. 1916இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும், சட்டம் பயில கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். மறு ஆண்டே உதவித்தொகைக் காலம் முடிந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியை மட்டும் பெற்றுக்கொண்டு தாயகம் திரும்பினார்.

அதன்பின் நடந்தவைதாம் நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை. பரோடா அரசுப் பணியில் தீண்டாமைக் கொடுமையால் நிலைக்க இயலாமற் போயிற்று. பம்பாயில் மாணவர்க்குத் தனிப்பயிற்சி அளித்தார். 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். ஊதியம் மாதம் ரூ. 450. ஆசிரியர்களுக்கென வைத்திருந்த தண்ணீர்ப் பானையை அவர் தொடலாகாது என்று உடன் பணியாற்றிய சிலர் ஆட்சேபித்தனர். (கற்றோர் நிறைந்த இடத்திலேயே இந்நிலை!) பரேல் தொழிலாளர் குடியிருப்பில் சிக்கனமாக வாழ்ந்து, ஊதியத்தில் மிச்சம் பிடித்து, 1920 மார்ச்சில் அப்பதவியினின்று விலகினார். சேமிப்புடன் கோலாப்பூர் சாகு மகராஜ் அளித்த உதவியும், பார்சி நண்பர் நவல் பதேனா கொடுத்த ரூ. 5,000 கடனும் சேர்ந்த பின்னரே மீண்டும் இலண்டனுக்குக் கப்பலேற முடிந்தது. 1921இல் எம்.எஸ்ஸி., 1923இல் டி.எஸ்ஸி. பட்டம் எய்தினார். பணமின்மையால் அப்பேரறிஞரின் உயர்கல்வி மூன்றாண்டுகள் தடைப்பட்டுக் கிடந்தது.

இத்தடையின் கொடுமையைத் தாமே அனுபவித்தவராதலால் போலும், கல்லூரி நடத்தும் வாய்ப்பு வந்தபோது அவர் ஏழை மாணவனின் நாட்பொழுதையே முதலில் கருதினார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946 ஜூன் 20ஆம் நாள் பம்பாயில் சித்தார்த்த கல்லூரியைத் தொடங்கினார். காலை வேளையில் பாடம் முடித்து, பிறகு அலுவலகத்திற்கோ கடைக்கோ வேலைக்குச் செல்ல அங்கு வழி இருந்தது. எழுத்தர்களும் சிற்றூழியர்களும் தம் வேலையை விடாமலேயே பட்டதாரிகளாக அது இடமளித்தது. இத்தகைய எண்ணம் முற்றிலும் புதியதன்று. மகாத்மா ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் அம்மையாரும் 1855ஆம் ஆண்டிலேயே உழவருக்கும் தொழிலாளருக்கும் இரவுப் பள்ளி நடத்தினர். உழைப்பவன் வரக்கூடிய நேரத்திற்கு வகுப்பை மாற்றியமைத்ததுதான் இவ்விரு முயற்சிகளின் தனிச்சிறப்பு. நேரம் தவறி வருகிறான் என்று மாணவனை வெளியே நிறுத்தும் கல்லூரிகளுக்கும் இவற்றுக்கும் எவ்வளவு தூரம்!

ஆதிதிராவிட மாணவர்க்கு உயர்கல்வி உதவித்தொகை 1944ஆம் ஆண்டு முதல் உண்டு. எனினும், அது கைக்கு வரும் நாள் வரை விடுதிச் செலவுக்கும் நூல்களுக்கும் மாணவன் எங்கே போவான்? மாலை வேலைக்குத்தான் போகிறான். நம் சங்க நிதியிலிருந்து வட்டியில்லாக் கடனாக ஒரு தொகையை ஒதுக்கி, உதவித்தொகை வந்ததும் திருப்பிச் செலுத்த ஏற்பாடு செய்தால், தேர்வு நடைபெறும் மாதங்களிலேனும் அவன் வேலைக்குச் செல்லாதிருக்கலாம். அடுத்த பொதுக்குழுவில் உறுப்பினர்கள் இதனைப் பரிசீலிக்க வேண்டுகிறேன்.