பெரியப்பாவும் ‘அப்பாவைப் போல’வும்: வன்னியில் தந்தையின் இடம்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்களைக் கொண்ட இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பின் பேச்சுத் தமிழில் தந்தையைக் குறிக்கும் சொல் ஒன்றல்ல. முந்திய தலைமுறையினர் பெற்றவரை ‘ஐயா’ என்றும் ‘அப்பு’ என்றும் அழைத்தனர். ‘அப்பா’ என்பது பிற்காலத்தில் பரவிய வழக்கு. தந்தைக்கு மூத்தவர் பெரியையா அல்லது பெரியப்பா எனவும், இளையவர் சின்னையா, சித்தப்பா, குஞ்சியப்பு எனவும் வழங்கப்பட்டனர். தாயின் சகோதரிகளை மணந்தவர்களுக்கும் இப்பெயர்களே உரியன. இச்சொற்களின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு: பெரியப்பா என்பவர் தந்தையைப் போன்றவர் அல்லர், அவரும் ஒரு தந்தையே, ‘பெரிய’ என்ற அடைமொழி அவர் எந்த வரிசையில் நிற்கும் தந்தை என்பதை மட்டுமே சுட்டுகிறது. தந்தையை இழந்த ஓர் இளம்பெண் வயதில் மூத்த ஆண் ஒருவரிடம் தந்தையைத் தேடுவது இன்று தனிமனித உளவியலின் செய்தியாகப் பேசப்படுகிறது. வன்னியின் பழைய உறவுமுறையிலோ அப்பெண் தேட வேண்டியிருக்கவில்லை. தந்தையின் இடத்தில் யார் நிற்பார் என்பதை அவள் பிறந்த நாளிலேயே மொழி வகுத்து வைத்திருந்தது.

இந்த ஏற்பாடு சடங்குகளில் வெளிப்படையாகத் தெரியும். பெண் பருவமெய்துகையில் நடத்தப்படும் சாமத்தியச் சடங்கில் முன்னிற்பவர் தாய்மாமன். திருமணத்தில் மகளின் கையை மருமகன் கையில் வைத்து நீர்வார்த்துக் கொடுக்கும் தாரைவார்த்தல் பெற்றோர் இணையராக நின்று செய்யும் கிரியை. தந்தை இறந்திருந்தால், கைம்பெண்ணைச் சபையில் ஒதுக்கும் வழக்கத்தினால் தாயும் விலகி நிற்க, பெரியப்பாவும் பெரியம்மாவும் அல்லது மாமனும் மாமியும் அந்த இடத்தில் நின்றனர். தாய்க்கு இதில் இழைக்கப்பட்ட அநீதி வெளிப்படை. எனினும் பெண்ணைப் பொறுத்தவரை, தந்தையின் கடமையை ஏற்பவர் தனித்த ஆணாக அன்றி மனைவியோடு, ஊர் பார்க்க, முறைச்சொல் ஒன்றைச் சுமந்தபடி வந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை இதே கருத்தைச் சொத்துரிமையின் மொழியில் எழுதி வைத்தது. ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1706 – 1707 காலத்தில் இதைத் தொகுத்தார். தமிழாக்கப்பட்ட தொகுப்பு பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு ஒப்புதல் பெற்றது. பிரித்தானியர் 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதை உறுதிப்படுத்தினர். யானைகளைத் திறையாகச் செலுத்திவிட்டு ஏறக்குறையத் தன்னாட்சியோடு இருந்த வன்னிமைகள் எனும் குறுநிலத் தலைமைகளின் காடுகளுக்குள் யாழ்ப்பாணத்துச் சட்டம் அன்றே முழுமையாக நுழைந்தது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பின்னாளில் நீதிமன்றங்கள் அதை வட மாகாணத் தமிழருக்குரியதாகக் கையாண்டன. இன்றைய கிளிநொச்சி மாவட்டமோ 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. தந்தை சிறுபிள்ளைகளை விட்டு இறந்தால், அப்பிள்ளைகளை வளர்த்து மணம் முடித்துக் கொடுக்கும் பொறுப்போடு சொத்து தாயிடமே இருக்கும் என்கிறது தேசவழமை. தாய் இறந்து தந்தை மறுமணம் செய்ய முனைந்தால், சிறுபிள்ளைகளைத் தாயின் தாயோ நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பதையும், அப்போது தாயின் சீதனச் சொத்து அவர்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டியதையும் அது பேசுகிறது. பெற்ற தந்தையைக்கூட அச்சட்டம் கணக்குக் கேட்காமல் நம்பிவிடவில்லை.

பிள்ளையைத் தத்தெடுக்கும் முறையில் இந்த எச்சரிக்கை இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக்கிக்கொள்ள விரும்பும் கணவனும் மனைவியும் முதலில் தமக்கு வாரிசாகக்கூடிய உடன்பிறந்தாரின் சம்மதத்தைப் பெற வேண்டும். சம்மதித்தவர்கள் மஞ்சள் கலந்த நீரில் விரல் தோய்க்க, ஏற்பவர்கள் அந்நீரைப் பருக வேண்டும். விரல் தோய்க்க மறுத்த உறவினரின் பங்கு அந்தப் பிள்ளைக்குச் சேராது. மஞ்சள்நீர் குடித்தல் என்ற இச்சடங்கு முதன்மையாகச் சொத்துத் தகராறைத் தடுக்கும் பொறியமைப்பே. அதில் கனிவைத் தேடுவது வீண். ஆனால் ஒரு பெண்பிள்ளைக்குத் தந்தையாகும் உரிமையை எந்த ஆணும் தானாகவே எடுத்துக்கொள்ள முடியாது, அவனுடைய இரத்த உறவுகள் விரல் நனைத்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்ற நியதி அப்பொறியமைப்பின் உள்ளே இருந்தது. 1941இன் 24ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டம் இச்சடங்கின் இடத்தை நீதிமன்றத்திற்கு மாற்றியது. ஆங்கிலச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்ட அதிலும், தனித்த ஆண் ஒருவர் பெண்பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பித்தால் சிறப்புக் காரணங்கள் இருந்தாலன்றிக் கட்டளை வழங்கக் கூடாது என்ற தடை உண்டு. இரு வேறு மரபுகள் ஒரே ஐயத்தில் சந்தித்தன.

இரணைமடுக் குளத்தின் கீழ் உருத்திரபுரம், வட்டக்கச்சி போன்ற குடியேற்றங்கள் உருவான இருபதாம் நூற்றாண்டில் உறவின் வலை முதன்முறையாக இளகியது. யாழ்ப்பாணத்தின் தீவுகளிலிருந்தும் வலிகாமத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் பெரியப்பாவையும் மாமனையும் கடல்நீரேரிக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தன. அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியோ 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. பின்னுரித்தாளர் பெயரிடப்படாதபோது மகள்மாருக்கு முன்னதாக மகன்மாரையே அது வரிசைப்படுத்தியது. தேசவழமையில் சீதனத்தின் வழியாகத் தந்தையின் நிலத்தில் கால்பதித்து நின்ற மகள், குடியேற்ற நிலத்தில் அண்ணனின் தயவுக்கு வந்தாள். சட்டம் எழுதியவர்கள் இதை எண்ணிச் செய்தார்கள் என்று சொல்வதற்கில்லை. வயலைத் துண்டாடாமல் காப்பதே அவர்கள் நோக்கம்.

இதைவிட ஆழமான முறிவு மலையகத்திலிருந்து வந்தவர்களுடையது. 1958, 1977 ஆண்டுகளின் இனவன்முறைகளுக்குத் தப்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காட்டோரங்களில் குடியமர்ந்தபோது, அவர்களுக்கு அங்கே முறைசொல்லி அழைக்க உறவினர் எவருமில்லை. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் வவுனியாவில் வளர்த்த காந்தீயம் அமைப்பு இவர்களுக்குப் பண்ணைகளை அமைத்ததோடு, இளம்பெண்களை முன்பள்ளி ஆசிரியைகளாகவும் பயிற்றியது. திருமணம் செய்துகொள்ளாத டேவிட்டை யாவரும் ‘டேவிட் ஐயா’ என்றனர். ஐயா என்பது ஒரே வேளையில் மரியாதைச் சொல்லாகவும் பழைய வழக்கில் தந்தையின் பெயராகவும் இருப்பதால், வடக்கின் காதுக்கு அந்த அழைப்பில் இரண்டும் கேட்டிருக்கும். 1983இல் இருவரும் கைதாயினர். இராஜசுந்தரம் அவ்வாண்டு யூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் உயிரிழந்தார். டேவிட் மட்டக்களப்புச் சிறையிலிருந்து தப்பித் தமிழ்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தபின், முதுமையில் திரும்பி வந்து 2015 ஒக்ரோபரில் கிளிநொச்சியில் காலமானார்.

போர் பெருகியபோது தந்தையற்ற பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை உறவினரின் கொள்ளளவைக் கடந்தது. விடுதலைப் புலிகள் 1991இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய செஞ்சோலை சிறுமியர் இல்லம், 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வுக்குப் பின் வன்னிக்கு வந்து, களமுனை நகர்ந்தபோதெல்லாம் தானும் இடம் மாறியது. முதலாம் உலகப் போரில் தந்தையரை இழந்த பிள்ளைகளைப் பிரான்ஸ் 1917இல் இயற்றிய சட்டம் தேசத்தின் பிள்ளைகளாக ஏற்றதை இதனோடு ஒப்பிடலாம்; ஆனால் அங்கே தந்தையின் இடத்தை ஏற்றது முகமற்ற அரசு, இங்கே அதற்கு முறைச்சொல் ஒன்று தேவைப்பட்டது. இல்லத்துச் சிறுமிகள் புலிகளின் தலைவர் வேலுப்பிள்ளை பிரபாகரனை ‘மாமா’ என்று அழைத்தனர். அவரது படையணிகளில் இருந்த பெண்களுக்கோ அவர் ‘அண்ணை’. இவர்களில் எந்தப் பெண்ணுக்கும் அவர் ‘அப்பா’ ஆகவில்லை என்பது தற்செயலன்று. தந்தை என்ற சொல் இறந்துபோனவருக்கே உரியதாக விடப்பட்டது. தாய்மாமன் என்பவரோ தந்தை இல்லாதபோது பொருளும் காவலும் தரக் கடமைப்பட்டவர், சடங்கில் முன்னிற்பவர், கேட்டுப் பெறும் உரிமையைப் பிள்ளைக்கு அளிப்பவர். உறவுமுறையின் இலக்கணத்தை நன்கு அறிந்த ஒரு சமூகத்துக்குள் இருந்தே அச்சொல் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது.

அச்சொல்லுக்குள் இருந்த முரணையும் சொல்லாமல் விட முடியாது. தந்தையற்ற சிறுமிகளுக்கு மாமனாக நின்ற அதே இயக்கம், 2006க்குப் பின் வீட்டுக்கு ஒருவர் என்ற கட்டாய ஆட்சேர்ப்பில் தந்தை உயிரோடிருந்த வீடுகளிலிருந்து மகள்மாரை எடுத்துச் சென்றது. 2006 ஓகஸ்ட் 14இல் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப்படை நடத்திய குண்டுவீச்சில் வதிவிடப் பயிற்சிக்கு வந்திருந்த பாடசாலை மாணவியர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அது படைப்பயிற்சி முகாம் என்றது அரசு, பாதிக்கப்பட்டோர் மாணவியரே என்றனர் சிறுவர் நலப் பணியாளர்களும் போர்நிறுத்தக் கண்காணிப்பாளர்களும். இரு பக்கமிருந்தும் பிள்ளையைக் காக்க முடியாத நிலையில், மணமானவர்களை எடுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில், பல குடும்பங்கள் பெண்களுக்குச் சிறுவயதிலேயே கலியாணம் கட்டி வைத்தன. சீதனப் பேச்சும் சாதகப் பொருத்தமும் இல்லாமல் இடம்பெயர்ந்த கொட்டில்களில் நடந்த இத்திருமணங்களில் தந்தை மகளைக் கொடுக்கவில்லை, ஒளித்து வைத்தார் என்பதே பொருந்தும். அந்த நம்பிக்கையும் கடைசி மாதங்களில் பொய்த்தது.

2009 மே மாதத்தில் போர் முடிந்து, ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டு, பின்னர் படிப்படியாக ஊர் திரும்பியபோது முறைச்சொற்களின் பட்டியலிலேயே ஓட்டைகள் விழுந்திருந்தன. அப்பா இல்லாத வீட்டில் பெரியப்பாவும் மாமனும் கூட இல்லை. வடக்கு கிழக்கில் 89,000 கைம்பெண்கள் இருப்பதாகவும், அவர்களில் 40,000 பேர் வடக்கில் வாழ்வதாகவும் 2010இல் பிரதியமைச்சர் ஹிஸ்புல்லா தெரிவித்தார். இவ்வீடுகளில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு அதிபர், கிராம அலுவலர், பங்குச் சுவாமியார், நிறுவனத்துச் சேர், கடன் கொடுக்க வந்தவர் என ஊருக்குப் புதிய மூத்த ஆண்கள் பலர் அறிமுகமாயினர். அவர்களிற் பலர் நேர்மையாக உதவியவர்கள். ஆனால் ‘அப்பாவைப் போல நினைத்துக்கொள்’ என்ற புதிய வாக்கியம் அப்போதுதான் புழக்கத்தில் பெருகியது. இந்தப் ‘போல’வில் மஞ்சள்நீர் இல்லை, விரல் தோய்க்கும் உறவினர் இல்லை, பக்கத்தில் நிற்கும் பெரியம்மாவும் இல்லை. ஆண்துணையற்ற குடும்பங்களின் பெண்கள் உதவி என்ற பெயரில் பாலியல் சுரண்டலுக்கு உள்ளானதைப் பெண்கள் அமைப்புகள் தொடர்ந்து பதிவு செய்துள்ளன.

இந்தப் பின்னணியில் 2018 யூனில் விசுவமடுவில் நடந்த ஒரு பிரியாவிடை ஆராயத்தக்கது. சிவில் பாதுகாப்புத் திணைக்களம் என்பது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்கிய, வன்னியில் பண்ணைகளையும் முன்பள்ளிகளையும் நடத்தி, முன்னாள் போராளிகள் உட்பட ஆயிரக்கணக்கான தமிழருக்கு மாதச் சம்பளம் தந்த அமைப்பு. அதன் முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கிடைத்த ஊதியம், மாகாண நிருவாகத்தின் கீழிருந்தோர் பெற்றதைவிடப் பல மடங்கு அதிகம். அங்கே அதற்குப் பொறுப்பாயிருந்த இராணுவ அதிகாரி கேணல் இரத்னபிரிய பந்து இடமாற்றம் பெற்றபோது, பணியாளர்கள் அவரைத் தோளில் சுமந்தனர். பெண்கள் கதறி அழுதனர். தந்தையைப் போன்றவர் என்ற பேச்சும் எழுந்தது. தெற்கின் ஊடகங்கள் இதை நல்லிணக்கத்தின் வெற்றி எனக் கொண்டாடின. தமிழர் தரப்பிலோ வெட்கக்கேடு என்ற கண்டனம் எழுந்தது. இரண்டு வாசிப்புகளும் அழுத பெண்களைப் பார்க்கவில்லை. உணவும் வேலையும் மதிப்பும் தந்த மூத்த ஆணை உறவுக்குள் இழுத்துக்கொள்வது அவர்கள் கற்ற பண்பாட்டின் முதற்பாடம், கண்ணீர் பொய்யன்று. ஆனால் சம்பளப் பட்டியலும் அதிகாரமும் அவர் கையில் இருந்தன, அவரை எந்த முறையும் கட்டவில்லை, ஓர் இடமாற்றக் கடிதத்தோடு அந்த உறவு முடிந்தது. பெரியப்பாவுக்கு இடமாற்றம் கிடையாது.

தந்தை இறந்தாரா என்பதே தெரியாத மகள்மாரின் நிலை இவ்வரலாற்றில் முன்மாதிரி இல்லாதது. 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பகுதியில் படையினரிடம் சரணடைந்தபின் காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய தொடர் போராட்டத்தில் தாய்மாரோடு, தந்தையின் படத்தை ஏந்திய மகள்மாரும் அமர்ந்தனர். 2010ஆம் ஆண்டின் தற்காலிகச் சட்டம் இவர்களுக்கு மரணச் சான்றிதழைப் பெறும் வழியைக் கொடுத்தது. 2016இல் வந்த திருத்தம், இறந்ததாகக் கொள்ளாமலே காணாமற்போனமைக்குச் சான்றிதழ் பெறும் வழியைச் சேர்த்தது. முன்னதை ஏற்றால் தந்தையின் இடம் வெற்றிடமாகும். அதை மறுக்கும் தாய் இன்றும் பொட்டு வைத்திருக்கிறாள். அவள் கைம்பெண் அல்லள் என்பதால் மகளின் மணவறையில் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை, ஆனால் தாரைவார்க்க அவள் அருகில் இணையாக நிற்பவரும் இல்லை. எஞ்சியிருக்கும் தூரத்து உறவில் ஒரு சித்தப்பாவை அழைத்து நீர்வார்க்கச் சொல்லும் வீடுகளில், அவர் நிற்பது ஒருவர் விட்டுச்சென்ற இடத்திலா, ஒருவர் திரும்பி வரும்வரை பார்த்துக்கொள்ளும் இடத்திலா என்பதைக் கேட்பவர் இல்லை.